எஞ்சின் எங்கே இருக்கு? செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

போனைத் திறந்தால் போதும். தரையோடு தரையாகப் படுத்திருக்கும் ஒரு சிவப்பு கார், பின்னணியில் அதிரடியாக ஒரு சினிமா பாட்டு, கீழே ஒரு விலை. அந்த விலையைப் பார்த்ததும்தான் ஸ்க்ரோல் செய்யும் விரல் நிற்கிறது. ஷோரூமில் புது எஸ்.யூ.வி. எடுக்கிற பணத்துக்கு, ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்களும் தொழிலதிபர்களும் மட்டுமே வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார். "சூப்பர் கண்டிஷன், பேப்பர் எல்லாம் கிளியர், சீரியஸா வாங்குறவங்க மட்டும் கால் பண்ணுங்க" என்று ஒரு வரி.

புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் இருக்கும் ஒருவர் அந்த எண்ணை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்து வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். வீடு கட்டியாகிவிட்டது, தங்கை கல்யாணமும் முடிந்துவிட்டது. சின்ன வயசுக் கனவு ஒன்று பாக்கி. அந்தக் கனவுக்காக எடுத்துவைத்திருக்கும் பணம் பத்திரமாக இருக்குமா, பட்டறைக்குப் போகுமா என்பதை முடிவு செய்யப்போவது காரின் நிறமோ சத்தமோ அல்ல. பார்வைக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள்: அந்த காரின் எஞ்சின், அந்த காரின் ஆவணங்கள்.

ஆம்னிக்கும் போர்ஷேவுக்கும் என்ன உறவு?

ஸ்போர்ட்ஸ் கார்களில் பலவற்றில் எஞ்சின் முன்னால் இருக்காது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கும். இதைத்தான் மிட் எஞ்சின் என்கிறார்கள். ஃபெராரி, லம்போர்கினி, லோட்டஸ், போர்ஷே பாக்ஸ்டர், கேமன் எல்லாம் இந்தக் குடும்பம்.

கேட்க ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் போலத் தோன்றும். ஆனால் நம் தெருவில் 35 வருடம் ஓடிய ஒரு வண்டிக்கும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். மாருதி ஆம்னி! 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்ற அந்த வேனில், 796 சிசி எஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருந்தது. பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளின. மதிய வெயிலில் ஆம்னி ஓட்டியவர்களுக்கு, சீட்டுக்கு அடியிலிருந்து சூடு ஏறுவது எப்படியிருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிட் எஞ்சின் கார்களின் பாதிப் பிரச்னை அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

பிறகு ஏன் எஞ்சினை நடுவில் வைக்கிறார்கள்? காவடித் தண்டின் இரு முனையிலும் பாரம் கட்டிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடம்பு திரும்பிவிடும், பாரம் இழுத்துக்கொண்டே போகும். அதே எடையை இடுப்போடு அணைத்துக்கொண்டால் எளிதாகத் திரும்பலாம். காரிலும் அப்படித்தான். கனமான பொருள் நடுவில் இருந்தால் வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் பிடி நழுவினால் அதே வேகத்தில் சுழன்றும்விடும். மழை ஈரத்தில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பவர்களுக்கு இது நடக்கும்.

தமிழ்நாட்டுப் பதிவெண்... மும்பையில் சிக்கிய கார்

இந்தியாவிலேயே வடிவமைத்துத் தயாரித்த மிட் எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. டிசி அவந்தி. கார்களையும் கேரவன்களையும் உருமாற்றிப் பெயர் வாங்கிய திலீப் சாப்ரியாவின் நிறுவனம் 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் இதைக் காட்டியபோது நாடே திரும்பிப் பார்த்தது. ரெனோவிடமிருந்து வாங்கிய 2 லிட்டர் டர்போ எஞ்சின், சுமார் 250 குதிரைத்திறன், 6 கியர். 2015 வாக்கில் விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை ஏறக்குறைய 36 லட்சம். வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டால் அது சகாய விலை.

2020 டிசம்பரில் மும்பை காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு ஓர் அவந்தியை மடக்கியது. அதில் இருந்தது தமிழ்நாட்டுப் பதிவெண். போலி எண் என்று சந்தேகப்பட்டு நிறுத்தினால், ஆவணங்கள் சரியாகவே இருந்தன. ஆனால் தோண்டித் துருவியபோது, அதே எஞ்சின் எண், அதே சேசிஸ் எண்ணோடு ஹரியானாவிலும் ஒரு கார் பதிவாகியிருப்பது தெரியவந்ததாக போலீஸ் சொன்னது. டிசம்பர் 28 அன்று திலீப் சாப்ரியா கைது செய்யப்பட்டார்.

போலீஸ் வைத்த குற்றச்சாட்டு இதுதான்: நிறுவனமே வாடிக்கையாளர் போல நிதி நிறுவனங்களிடம் கார் கடன் வாங்கியது, ஒரே காரின் பேரில் பல கடன்கள் வாங்கப்பட்டன, பிறகு அதே கார்கள் வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டன. சுமார் 90 கார்களில் இப்படி நடந்திருக்கலாம் என்றும் அப்போது கூறப்பட்டது. இதெல்லாம் குற்றச்சாட்டுகள். நிரூபணம் ஆவது நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. இந்த வழக்கை முதலில் விசாரித்த பிரிவின் தலைமை அதிகாரியே 2021 மார்ச்சில் வேறொரு வழக்கில் கைதானது தனிக் கதை.

வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். அந்த கார் உரிமையாளரிடம் ஆர்.சி. இருந்தது. தமிழ்நாட்டில் முறையாகப் பதிவாகியிருந்தது. கையில் இருக்கும் புத்தகத்தை மட்டும் பார்த்திருந்தால் யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முத்திரையைத் தடவிப் பாருங்கள்

திருக்கோகர்ணத்துக்காரர்களுக்கு அம்மன் காசு தெரியும். கோகர்ணேஸ்வரர் கோயிலில் வீற்றிருக்கும் பிரகதாம்பாளின் உருவத்தை ஒரு பக்கமும், 'விஜய' என்ற தெலுங்கு எழுத்தை இன்னொரு பக்கமும் பொறித்து புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட செப்புக்காசு. முத்திரை இருந்தால்தான் அந்தத் துண்டுச் செம்பு காசு. காருக்கு அந்த முத்திரை, உலோகத்தில் பொறித்த சேசிஸ் எண். அதை ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோவை நம்பக் கூடாது. கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கும் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தாலோ, தேய்த்த தடம் தெரிந்தாலோ, அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். எஞ்சின் எண்ணையும் பார்க்க வேண்டும். மிட் எஞ்சின் காரில் அதற்கு லிஃப்ட்டில் ஏற்றியாக வேண்டியிருக்கும். பலர் விட்டுவிடுவதும் அதனால்தான்.

அடுத்து, மத்திய அரசின் 'பரிவாகன்' தளமும் எம்பரிவாகன் செயலியும். பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு தேதி, இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் பாக்கி இருக்கிறதா என்ற விவரங்கள் வரும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' சேவையில் அந்த வண்டி திருட்டு வழக்கில் இருக்கிறதா என்றும் தேடலாம். பதிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடாமல் சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் போட்டுத் தேடுவது நல்லது. அவந்தி விவகாரத்தில் இடித்தது அந்த எண்கள்தானே.

கார் பைனான்ஸில் இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும், படிவம் 35-ம் வேண்டும். "எச்.பி. கேன்சல் பண்ணித் தர்றேன், நீங்க முதல்ல பணத்தைப் போடுங்க" என்றால் வேண்டாம். முதலில் கேன்சல், பிறகு பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில கார் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28 மூலம் என்.ஓ.சி. வாங்கியிருக்க வேண்டும்.

வெளிமாநிலப் பதிவெண்ணில்தான் பெரிய செலவு ஒளிந்திருக்கும். இந்த ரக கார்கள் பலவும் புதுச்சேரி, டெல்லி, ஹரியானா எண்களோடு சுற்றுகின்றன. விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 12 மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேண்டும், ஆயுள் வரியும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி 20 சதவிகிதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்து அது குறையும். எவ்வளவு என்பதைப் புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். டிஎன் 55 என்று எண் மாறும்போது ஆகும் தொகையைப் பார்த்து, 'சகாய விலை' என்று நினைத்த கார் அப்படி ஒன்றும் சகாயமில்லை என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. 15 வயது தாண்டிய கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இறக்குமதி கார்களுக்கு அந்தக் கட்டணம் சாதாரண கார்களைவிடப் பன்மடங்கு.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்தனுப்பினால், விபத்து நடந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

"பானெட்டைத் திறங்க பார்க்கலாம்!"

கார் வாங்கப் போகும் நம்மவர்கள் முதலில் சொல்லும் வசனம் இது. போர்ஷே பாக்ஸ்டரில் முன் பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம். பின்னால் திறந்தால் அங்கேயும் பெட்டி வைக்கிற இடம்! ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி, அவ்வளவுதான் தெரியும். எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், மூடிய பலகைகளுக்கு அடியில் இருக்கிறது. வழக்கமான 'மெக்கானிக் மாமாவைக் கூட்டிட்டுப் போய்ப் பார்க்கிற' முறை இங்கே வேலைக்காகாது. மாமா எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் லிஃப்ட் இல்லாமல் பார்க்க முடியாது.

பழைய மிட் எஞ்சின் கார்களில் உலகம் முழுக்க அதிகம் கைமாறுவதில் பாக்ஸ்டர் ஒன்று. அதனால் அதன் நோய்களும் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. 1996-ல் வந்த முதல் தலைமுறையிலும், 2004-ன் இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையின் ஆரம்ப கார்களிலும் எல்லோரும் பயப்படும் பெயர், ஐ.எம்.எஸ். பேரிங். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் சங்கிலிகளைச் சுழற்ற ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது ஒரு சிறிய, மூடி சீல் செய்த பேரிங். வருடங்கள் போகப்போக அதன் கிரீஸ் கரைந்து, பேரிங் தேய்ந்து, ஒருநாள் உடைந்தால் இரும்புத் துணுக்குகள் ஆயிலில் கலக்கும். வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதலாம். அதன் பிறகு ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை, வேறு எஞ்சின்தான்.

எல்லா கார்களிலும் இது உடைவதில்லை. பெரும்பாலானவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களுக்காக 2013-ல் சமரசம் எட்டப்படும் அளவுக்கு அது பெரிதானது. 2009 மாடலுக்கு வந்த புதிய எஞ்சினில் அந்த இடைத்தண்டே கிடையாது. ஆகவே பட்ஜெட் கொஞ்சம் ஏறினாலும் 2009-க்குப் பிந்தைய காரைத் தேடுவது புத்திசாலித்தனம். அதற்கு முந்தையதுதான் கைக்கு எட்டுகிறது என்றால் கேட்க வேண்டிய கேள்வி, "கிளட்ச் எப்போது மாற்றினீர்கள்? அப்போது இந்த பேரிங்கையும் மாற்றினீர்களா? பில் இருக்கிறதா?" கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும். பேரிங்கும் அதே வழியில்தான் இருக்கிறது. 2006 முதல் 2008 வரையிலான கார்களில் இருப்பது பெரிய பேரிங். அது அரிதாகவே உடையும், ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் மாற்ற முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறிய ஒரு மலிவான வழி உண்டு. ஆயில் ஃபில்டரைக் கழற்றி, அதன் காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பார்ப்பது. மினுமினுவென்று உலோகத் துகள் தெரிந்தால், காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம்.

கூடவே சில சில்லறைப் பிரச்னைகள். கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஆயில் கசிவு. இது பாக்ஸ்டரில் சகஜம். சொட்டாமல் ஈரம் மட்டும் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பின் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க் விரிசல் விடும். பெட்டி வைக்கிற இடத்தில் விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் கொசு மருந்து வண்டி போல வெள்ளைப் புகை மண்டினால், ஆயில் ஆவியைப் பிரிக்கும் பாகம் போய்விட்டது என்று அர்த்தம்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறிப்போயிருக்க வேண்டும். "நீங்க வர்றீங்கன்னு ஒரு ரவுண்டு ஓட்டி வெச்சேன்" என்று ஒருவர் அன்பாகச் சொன்னால், அந்த அன்பில் எச்சரிக்கை தேவை. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் பத்து விநாடியில் கேட்கும் சத்தம்தான் உண்மையைச் சொல்லும். ஸ்கேனர் போடுவதும் அவசியம். போர்ஷே கார்களின் கம்ப்யூட்டர், எஞ்சின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழற்றப்பட்டது என்பதைக்கூடக் குறித்துவைத்திருக்கும். முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்று அவரிடமே கேட்பதைவிட இது நம்பகமானது.

அவந்திக்கு யார் வைத்தியர்?

போர்ஷேவுக்கு நோய் தெரியும், மருந்தும் கிடைக்கும். அவந்தியின் கதை வேறு. அதன் எஞ்சின் ஒன்றும் மர்மமில்லை, ரெனோ மெகான் ஆர்.எஸ். என்ற காரில் இருந்த அதே குடும்பம்தான். ஆனால் அந்த மெகானை ரெனோ இந்தியாவில் விற்கவே இல்லை. டஸ்டரும் க்விட்டும் சர்வீஸ் செய்யும் இடத்தில் இதற்கு உதிரிபாகம் அலமாரியில் இருக்காது.

இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. கார் ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகும். 2015-ல் வாங்கி, மொத்தமே 8,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகக் காட்டப்படும் அவந்தியில் அதே பழைய பெல்ட் இருந்தால், அந்தக் குறைந்த கிலோமீட்டர்தான் ஆபத்து. பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டீசல் வண்டி போலக் கடகடவென்று சத்தம் வந்து அடங்கினால், கேம்ஷாஃப்ட் முனையில் இருக்கும் டீபேசர் புல்லி தேய்ந்திருக்கலாம். இந்த எஞ்சின் குடும்பத்தில் அது ஊரறிந்த வியாதி. பெல்ட்டும் அந்த புல்லியும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியவை.

எஞ்சினைக்கூட வெளிநாட்டிலிருந்து பாகம் வரவழைத்துச் சமாளிக்கலாம். உடம்பை? அவந்தியின் வெளிப்புறம் ஃபைபர் வகை. கீறினால், விரிந்தால், டிங்கரிங் பட்டறையில் தட்டி நிமிர்த்த முடியாது. முன் கண்ணாடி உடைந்தால் புதிது எங்கே கிடைக்கும் என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதே பதில். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய அழகுப் பொருட்களைப் பார்க்க அங்கே போகலாம், அவற்றை வீட்டில் வைத்துப் பராமரிக்க வேண்டிய அவசியமில்லை.

புளிய இலையும் பெட்ரோலும்

மிட் எஞ்சின் கார்களில் பெரும்பாலும் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவில் காரின் அடிவயிற்றில் நீளமான கூலன்ட் குழாய்கள் ஓடும். கூலன்ட் மாற்றும்போது அதற்குள் காற்று புகுந்து அடைத்துக்கொண்டால், மீட்டர் சரியாகக் காட்டும்போதே எஞ்சின் ஒரு மூலையில் கொதிக்கும். காற்றை முழுக்க வெளியேற்றத் தெரிந்தவர்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். சாதாரண காரில் கேனைச் சாய்த்து ஊற்றுவது போல் இல்லை.

பாக்ஸ்டரின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு ஓரத்திலும், தரைக்கு வெகு அருகில் இருக்கின்றன. சாலை ஓரத்துப் புளியமரங்களின் பொடி இலை, வேப்பஞ்சருகு, செம்மண் தூசி எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனர் போல உறிஞ்சிக்கொள்ளும். ஈரமும் சருகும் சேர்ந்து மட்கினால் ரேடியேட்டர் அரித்து ஓட்டையாகும். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்த அடையாளமோ பில்லோ இருக்கிறதா என்று கேளுங்கள். மே மாத நண்பகலில் ஏ.சி. போட்டு, டிராஃபிக்கில் இருபது நிமிடம் நிறுத்தி, வெப்ப மீட்டர் ஏறுகிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. விற்பவர் முகம் மாறினால் அதுவும் ஒரு தகவல்தான்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 15, 20 வருடம் முன்பு செய்த ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. குழாய் வெடித்துக் கசிந்தால், மிட் எஞ்சின் காரில் அது சொட்டப்போவது மூடிய பெட்டிக்குள் கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சின் மேல், அதுவும் முதுகுக்குப் பின்னால். இதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. வாங்கிய வாரமே எரிபொருள் குழாய்கள் முழுவதையும் மாற்றிவிடுவது உத்தமம். தீயணைப்பான் ஒன்றை சீட்டுக்கு அருகில் வைப்பதும்.

டயரைக் குனிந்து பார்க்கவும் மறக்கக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் பளபளவென்று புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருட டயரில் இந்த வேகம் போகும் காரை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். முன் டயர் ஓர் அளவு, பின் டயர் வேறு அளவு என்பதால் ஸ்டெப்னியை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிப்பதும் நடக்காது. சொல்லப்போனால் பல கார்களில் ஸ்டெப்னியே குட்டி டயர்தான், அல்லது காற்றடிக்கும் கருவி மட்டும்.

வெள்ளத்தில் நின்றதா?

2015 டிசம்பர், 2023 டிசம்பர். சென்னையின் இந்த இரண்டு வெள்ளங்களிலும் மூழ்கிய கார்கள் எல்லாம் உடைக்கப்படவில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனம் 'மொத்த இழப்பு' என்று பணம் கொடுத்துவிட்டு ஏலம் விட்ட வண்டிகள், கழுவித் துடைத்து வெளியூர்ச் சந்தைக்கு வருவதுண்டு. ஒரு சாண் உயரம்கூட இல்லாமல் தரையோடு கிடக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு முழங்கால் அளவுத் தண்ணீரே வெள்ளம்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டின் அடியில் திருகுகள் துருப்பிடித்திருக்கிறதா, விரிப்புக்குக் கீழே வண்டல் வாசனை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி எண்ணை வாங்கி, முன்பு என்ன கிளெய்ம் எடுத்திருக்கிறார்கள் என்று அந்த நிறுவனத்திடம் விசாரிக்கலாம்.

மொத்தக் கணக்கு

இத்தனைக்கும் பிறகும் "வாங்கியே தீருவேன்" என்பவர்கள் இருப்பார்கள். தப்பில்லை. நல்ல மிட் எஞ்சின் காரில் ஒரு வளைவு திரும்பியவர்களுக்கு ஏன் என்று புரியும். ஆனால் கணக்கை விலையோடு நிறுத்தக் கூடாது. திருக்கோகர்ணத்தில் கார் நின்றுபோனால், சாதாரணமாகக் கொக்கி போட்டு இழுத்துப்போக முடியாது. தட்டையான லாரியில் ஏற்ற வேண்டும், சென்னை ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஊருக்குள் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரசும், அங்கேதான் அந்த கூலன்ட் குழாய்கள் ஓடுகின்றன. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது முதல் வருட வேலைகளுக்குத் தனியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அந்தப் பணம் இல்லாமல் வாங்கினால், கார் போர்டிகோவில் கவர் போட்டு நிற்கும். சம்பந்தி வீட்டார் வரும்போது மட்டும் கவரை எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் கட்ட வேண்டிய ஒரே கட்டணம், அந்த பிராண்டைத் தெரிந்த ஒரு சர்வீஸ் மையத்தில் காரை லிஃப்ட்டில் ஏற்றி முழுப் பரிசோதனை செய்யும் செலவு. அதை வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும், இடத்தையும் அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். "எங்க ஆளு ஏற்கெனவே செக் பண்ணிட்டாரு" என்ற ரிப்போர்ட்டை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிடலாம்.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை வாங்கிய 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். இன்ஷூரன்ஸை அதைவிட முன்னதாக, 14 நாளுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். தள்ளிப்போட்டால் சொந்த வண்டியின் சேதத்துக்குக் கிளெய்ம் கிடைப்பது சிக்கலாகும்.

மேல் கூரை மடங்கும் பாக்ஸ்டர் வாங்கியவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி. கூரையில் விழும் மழைநீர் வடிய, கூரை மடங்கும் இடத்தில் சிறிய துளைகள் இருக்கின்றன. சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள் இறங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டியை நனைக்கும். அது நனைந்தால் சாவியை கார் அடையாளம் கண்டுகொள்ளாது, ஸ்டார்ட்டும் ஆகாது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஒயரை விட்டு அந்தத் துளைகளைச் சுத்தம் செய்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி அது கீழே தரையில் வடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை, வீட்டு வாசலிலேயே செய்யலாம்.